பிள்ளை கையில் ஆட்டுக்குட்டி: வளர்ப்பதும் பழக்குவதும்

ஆட்டுக்குட்டி வேண்டும் என்று வீட்டில் பிள்ளை நச்சரிக்க ஆரம்பித்துவிட்டால், முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: வாங்கினால் இரண்டு, இல்லாவிட்டால் வேண்டாம். ஆடு கூட்டத்தோடு வாழ்கிற ஜீவன். ஒற்றைக் குட்டியைக் கொண்டுவந்து கட்டினால் பகலெல்லாம் கத்தும், ராத்திரியும் கத்தும், பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு அந்தக் கத்தலைக் கேட்கப்போவது நீங்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான். இரண்டாக இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துக்கொள்ளும், முட்டி விளையாடும், தீனியையும் போட்டி போட்டுக்கொண்டு தின்னும். வீட்டு ஆடு போட்ட குட்டி என்றால் தாய் கூட இருக்கும், அங்கே இந்தப் பேச்சே இல்லை.

நான் சொல்வதெல்லாம் தென்மாவட்டத்துப் பழக்கம். விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் கன்னி ஆடும் கொடி ஆடும்தான் அதிகம். கன்னி கறுப்பு, முகத்தின் இரண்டு பக்கமும் கோடு ஓடும். கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. கொடி ஆடு நெட்டையாக, ஒல்லியாக, வெள்ளை உடம்பில் கறுப்போ சிவப்போ திட்டுத்திட்டாக இருக்கும், கரும்போரை செம்போரை என்பார்கள். மேற்கே போனால் சேலம் கருப்பு, ஈரோட்டுப் பக்கம் மோளை. எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊர் ஆடே பிள்ளைக்குப் போதும். நீளக் காது தொங்குகிறது, பார்க்க அழகாக இருக்கிறது என்று ஜமுனாபாரி வாங்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது வளர்ந்தால் எட்டு வயசுப் பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்கு நிற்கும், கயிற்றைப் பிடித்தால் பிள்ளையை அது இழுத்துக்கொண்டு போகும்.

வாங்குகிற இடமும் முக்கியம். எட்டயபுரம் சந்தையிலும் மேலப்பாளையம் சந்தையிலும் நல்ல குட்டிகள் வரத்தான் செய்கின்றன, ஆனால் பத்து ஊர் ஆடு கூடுகிற இடத்தில் பத்து ஊர் நோயும் கூடும், வண்டியில் அடைபட்டு வந்த குட்டி மிரண்டு போயும் இருக்கும். பிள்ளைக்கென்று வாங்கும்போது தெரிந்த ஆட்டுக்காரரிடம் கேட்டு, அவர் பட்டியிலேயே பார்த்து, தாய் ஆட்டையும் பார்த்து வாங்குவது நல்லது. தாய் மனுசர் கையில் இலை வாங்கித் தின்கிற ஆடு என்றால் குட்டியும் பெரும்பாலும் அப்படியே வரும். மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும், பால் மறந்து இலை தழை தின்னத் தொடங்கியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்த வயசில் தாயிடமிருந்து பிரித்து விற்கிற குட்டியை, பரிதாபத்துக்காகக்கூட வாங்காதீர்கள்.

பெட்டையா கிடாவா என்று கேட்டால் என் பதில் பெட்டை. காரணம் கடைசியில் வருகிறது.

வீட்டில் குட்டி போட்டால்

ஆட்டுக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ போடும், கன்னி ஆட்டில் இரட்டைக் குட்டி சாதாரணம். குட்டி போடுகிற நேரம் பிள்ளை பார்க்க வேண்டும் என்று கேட்டால் விடுங்கள், பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கட்டும், சத்தம் போடக் கூடாது, அவ்வளவுதான். காய்ந்த சாக்கு விரிப்பது, டார்ச் பிடிப்பது, காக்கா விரட்டுவது இதெல்லாம் பிள்ளை வேலை. காக்கா விஷயத்தைச் சிரித்து ஒதுக்க வேண்டாம், பிறந்து எழுந்திருக்கத் தெரியாமல் கிடக்கிற குட்டியின் கண்ணையும் தொப்புளையும் வந்து கொத்தும்.

விழுந்த குட்டியைத் தாய் நக்கும். நக்கி நக்கித்தான் அது தன் குட்டியின் வாசனையைப் பிடித்துக்கொள்கிறது, அந்த முதல் சில மணி நேரம் அவர்கள் இருவருக்கும் சொந்தமானது. அய்யோ ஈரமாக இருக்கிறதே என்று பிள்ளை ஓடிப்போய்த் தூக்கித் துடைத்துக் கொஞ்சினால், தாய் மோந்து பார்த்துவிட்டு இது என்னுடையது இல்லை என்று முட்டித் தள்ளவும் வாய்ப்பு உண்டு. குளிப்பாட்டவே கூடாது. தாய் நக்காமல் விட்டால் மட்டும் பெரியவர்கள் வைக்கோலாலோ பழைய துணியாலோ மூக்கு வாய் கோழையைத் துடைத்து, குட்டியைத் தாய் மூக்குக்கு முன்னால் போட வேண்டும். தொப்புள்கொடி நீளமாகத் தொங்கினால் இரண்டு அங்குலம் விட்டுக் கத்தரித்து டிங்சர் அயோடின் வைப்பதும் பெரியவர் வேலை. நஞ்சுக்கொடியைப் பிள்ளை தொடக் கூடாது, அதை ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள், நாய் இழுத்துக்கொண்டு திரிய விடாதீர்கள்.

அப்புறம் சீம்பால். அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் குட்டி குடித்தாக வேண்டும். தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வருவது இந்தப் பாலில்தான், குட்டியின் குடல் அதை முழுசாக உறிஞ்சிக்கொள்வதும் பிறந்த முதல் நாளில்தான், நேரம் போகப் போக அந்த வழி அடைபட்டுக்கொண்டே வரும். சீம்பால் அதிகம் குடித்தால் கழியும் என்று சொல்லி அதைக் கறந்து கீழே ஊற்றுகிற பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. பாட்டி சொன்னாலும் கேட்காதீர்கள். திரட்டிப்பால் கிண்டுவதற்கும் ஆசைப்பட வேண்டாம், இரண்டு குட்டி வயிறு நிறைந்து மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.

புட்டிப்பால்

மூன்று குட்டி போட்டு ஒன்றுக்குப் பால் போதவில்லை, அல்லது தாய் செத்துப்போனது, அல்லது சேர்க்கவே மாட்டேன் என்கிறது. அந்தக் குட்டிதான் பிள்ளைக்கு வந்து சேரும், அதுதான் உலகத்திலேயே நன்றாகப் பழகுகிற குட்டியும். ஆனால் பால் கொடுக்கிற விதம் தெரியாமல் கொடுத்தால் ஒரே வாரத்தில் போய்விடும்.

வேறு ஆட்டின் பால் கிடைத்தால் அதுதான் நல்லது, இல்லாவிட்டால் பசும்பால். தண்ணீர் கலக்க வேண்டாம், சர்க்கரை வேண்டாம். அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது: குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்கி, குட்டி தேறத் தேறக் கொஞ்சம் கூட்டலாம். இரண்டு கிலோக் குட்டிக்கு நாள் ஒன்றுக்கு 200 மில்லி என்றால் அதை நாலைந்து வேளையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரே வேளையில் புட்டியைக் காலி செய்ய வைப்பது தப்பு, குட்டி கேட்கும், அது எப்போதும் கேட்கும், வயிறு உப்பிக் கழிய ஆரம்பித்தால் அப்புறம் நீங்கள் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். ஆட்டின் உடம்புச் சூடு நம்மைவிடக் கொஞ்சம் கூட, 39 டிகிரி செல்சியஸ் பக்கம். அதனால் பால் நம் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் இதமாகச் சுட வேண்டும். ஆறிப்போன பால் கொடுக்காதீர்கள்.

பிள்ளைகள் எல்லாரும் செய்கிற ஒரு காரியம், குட்டியை மடியில் கைக்குழந்தையைப் போல் மல்லாத்திப் போட்டுப் பால் புகட்டுவது. போட்டோவுக்கு நன்றாக இருக்கும். குட்டிக்கு உயிர் போகும். ஆட்டுக்குட்டி நாலு காலில் நின்று, கழுத்தை மேலே நீட்டி, மூக்கை உயர்த்தித்தான் குடிக்க வேண்டும், தாய் மடியில் அப்படித்தான் முட்டி முட்டிக் குடிக்கிறது. அந்த நிலையில் உறிஞ்சும்போது உணவுக்குழலின் அடியில் ஒரு மடிப்பு மூடிக் குழாய் மாதிரி ஆகி, பால் பெரிய அசை வயிற்றுக்குப் போகாமல் நேராகச் செரிக்கிற வயிற்றுக்குப் போய்ச் சேரும். அசை வயிறு குட்டிக்கு இன்னும் வேலை செய்யத் தொடங்கியிருக்காது, அதற்குள் பால் விழுந்தால் புளிக்கும். மல்லாத்திப் போட்டால் இதைவிட மோசம், பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். எனவே பிள்ளை ஒரு பலகையில் உட்கார்ந்து, குட்டியைத் தன் இரண்டு முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி, புட்டியைக் குட்டியின் தலைக்கு மேலே சாய்த்துப் பிடிக்கட்டும். கைக்குழந்தைப் புட்டியும் நிப்பிளும் மெடிக்கலில் கிடைப்பதே போதும். ஓட்டை பெரிதாக இருக்கக் கூடாது. சங்கில் ஊற்றுவது, வாயைப் பிளந்து ஊற்றுவது வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு வேளையும் வெந்நீரில் புட்டியைக் கழுவுவதும் பிள்ளை கணக்கில்தான் வருகிறது. பால் கொடுப்பேன், கழுவ மாட்டேன் என்றால் அந்த வேலையே கிடையாது என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டு வாரம் ஆனதும் குட்டி எதையாவது கடித்துப் பார்க்கத் தொடங்கும். இளந்தழை கட்டிவிடுங்கள், விளையாட்டாகத் தின்னட்டும், அதைத் தின்னத் தின்னத்தான் அசை வயிறு வளரும்.

பழக்குவது

குட்டியைப் பழக்க வேண்டும் என்று நினைக்கிற பிள்ளை முதலில் செய்வது துரத்துவது. இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு விரட்டி, பின்னங்காலைப் பிடித்து இழுத்து, கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்து, 'அது என்கிட்ட வரவே மாட்டேங்குதும்மா' என்று அழுவது. எப்படி வரும்? பிடிபட்ட ஒவ்வொரு முறையும் தன்னைத் தின்னப்போகிறார்கள் என்றுதான் அது நினைத்திருக்கும்.

பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுப்பது இவ்வளவுதான்: நீ போகாதே, அது வரட்டும். தாயோடு திரிகிற குட்டியோ, புதிதாக வாங்கி வந்ததோ, முறை ஒன்றுதான். வாங்கி வந்த குட்டியை முதல் இரண்டு நாள் தண்ணீரும் தழையும் வைத்துவிட்டுச் சும்மா விடுங்கள், ஊர்க்காரர் எல்லாரும் வந்து பார்க்கிற கண்காட்சி வேண்டாம். மூன்றாம் நாள் சாயங்காலம் பிள்ளை கொட்டிலுக்குள் போய்த் தரையில் உட்காரட்டும். நிற்க வேண்டாம், உட்கார வேண்டும், முடிந்தால் முதுகைப் பாதி திருப்பிக்கொண்டு. கையில் ஒரு கொத்து அகத்திக்கீரை. குட்டியை உற்றுப் பார்க்கக் கூடாது. வீட்டுப்பாடத்தை அங்கே வைத்து வாய்விட்டுப் படித்தால் ரொம்ப நல்லது, குரல் பழகும், பாடமும் முடியும், ஆனால் நோட்டை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், தாள் என்றால் ஆட்டுக்கு அல்வா.

கொஞ்ச நேரத்தில் குட்டிக்கு இருப்புக் கொள்ளாது. முதலில் சட்டை நுனி, அப்புறம் பொத்தான், அப்புறம் தலைமுடி, ஒவ்வொன்றாக மோந்து கடித்துப் பார்க்கும். அப்போதுதான் சோதனை, கையை நீட்டிப் பிடிக்கக் கூடாது. வந்ததும் பிடித்தால் இத்தனை நேரம் உட்கார்ந்தது வீண். இலையைத் தின்னட்டும், போகட்டும், திரும்பி வரட்டும். இரண்டு மூன்று நாள் இப்படிப் போனால் பிள்ளை உள்ளே நுழைந்ததுமே ஓடிவரும். நன்றாக மிரண்ட குட்டிக்கு இரண்டு வாரமும் ஆகலாம், அவசரம் இல்லை.

தொடுவதற்கும் முறை இருக்கிறது. ஆட்டின் கண்மணி படுக்கைவாட்டில் நீளமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதனால் தன்னைச் சுற்றிக் கிட்டத்தட்ட முழுவட்டமும் அதற்குத் தெரியும், நேர் பின்னால் மட்டும் தெரியாது. பின்னாலிருந்து வருகிற கையும் தலைக்கு மேலிருந்து இறங்குகிற கையும் அதைத் துள்ள வைக்கும். பக்கவாட்டில், தாழ்வாக, மெதுவாகக் கையைக் கொண்டுபோய் முதலில் நெஞ்சையும் தாடைக்குக் கீழேயும் சொறிய வேண்டும். பிறகு தோள்பட்டைக்கு நடுவில். அங்கே தானாகச் சொறிந்துகொள்ள முடியாது என்பதால் குட்டிக்கு அது சொர்க்கம், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சாய்ந்துவிடும். பழைய தேங்காய் நாரால் உடம்பைத் தேய்த்துவிட்டாலும் பிடிக்கும். தேய்க்கிற சாக்கில் காதோரம், கக்கம், தொடை இடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். விரலை வாய்க்குள் விட்டு விளையாடக் கூடாது. முன்பக்கம் மேல்வாயில் ஆட்டுக்குப் பல்லே கிடையாது, வெறும் ஈறுதான், அதனால் கடிக்காது என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள், உள்ளே இருக்கிற கடைவாய்ப் பல் கத்தி மாதிரி.

நெற்றியைத் தள்ளி விளையாடுவதுதான் நான் கண்டிப்பாகத் தடுக்கிற விளையாட்டு. குட்டி முட்ட வரும், பிள்ளை உள்ளங்கையால் நெற்றியில் தள்ளும், இரண்டு பேருக்கும் சிரிப்பு. மூன்று கிலோவில் அது விளையாட்டு. அதே குட்டி கொம்பு முளைத்து இருபது கிலோவில் கிடாவாக நிற்கும்போதும் அதே விளையாட்டைத்தான் ஆட வரும், குனிந்து தண்ணீர் வைக்கிற பாட்டியிடமும் ஆடும். முட்ட வந்தால் பேசாமல் எழுந்து விலகிப் போய்விட வேண்டும். மேலே தாவி ஏறுவதற்கும் இதே மருந்து. ஏற வேண்டும் என்றால் ஒரு பழைய உரலைக் கவிழ்த்துப் போடுங்கள், இரண்டு மூன்று பெரிய கல்லை அடுக்குங்கள், குட்டிகள் நாள் முழுக்க ஏறி இறங்கி ராஜா விளையாட்டு ஆடும்.

பெயர் வையுங்கள், கூப்பிடுகிற சத்தம் ஒன்றும் வையுங்கள். நாக்கைச் சுண்டிச் சத்தம் கொடுப்பது, உதட்டைக் குவித்து அழைப்பது என்று ஊருக்கு ஊர் ஒன்று இருக்கும், எதுவாக இருந்தாலும் தீனி வைக்கும் முன் அதே சத்தம், தினமும் அதே சத்தம். இதில் ஒரு விதி: சத்தம் கொடுத்துக் கூப்பிட்டு ஊசி போடப் பிடிக்கக் கூடாது, மருந்து புகட்டக் கூடாது. அதற்கெல்லாம் நீங்களே போய்ப் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் குரலுக்குத் தீனியும் சொறிதலும் மட்டும் வர வேண்டும்.

ஆட்டுக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2016இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். திறக்க முடியாதபடி மூடிய டப்பாவுக்குள் தீனியை வைத்தபோது ஆடுகள் பக்கத்தில் இருந்த ஆளின் முகத்தைத் திரும்பிப் பார்த்தன, அந்த ஆள் தங்களைப் பார்த்து நின்றால் அதிக நேரம் பார்த்தன, முதுகு காட்டி நின்றால் குறைவாகப் பார்த்தன. 2018இல் வந்த இன்னொரு ஆய்வில் சிரித்த முகப் படத்தையும் கோபமான முகப் படத்தையும் வைத்தார்கள், ஆடுகள் சிரித்த முகத்துப் பக்கம்தான் முதலில் போயின. பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடிக்குக் கோபத்தோடு வந்து குட்டி முன்னால் நிற்கிற பிள்ளைக்கு இதைச் சொல்லலாம்.

தூக்குவது: ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்தொடைக்கு அடியில், தன் உடம்போடு அணைத்து. முன்னங்காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, காதைப் பிடிக்கக் கூடாது. ஆறேழு வயசுப் பிள்ளை நின்றுகொண்டு தூக்க வேண்டாம், உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளட்டும், கீழே போட்டால் கால் முறியும்.

கயிற்றுக்குப் பழக்குவது மூன்று மாதத்துக்கு மேல் போதும். நைலான் கயிறு அறுக்கும், பழைய நூல் சேலையைக் கிழித்துத் திரித்த கயிறு நல்லது. சுருக்கு முடிச்சு கூடவே கூடாது, இறுகாத முடிச்சு, கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும். முதலில் வெறும் கழுத்துக்கயிறு இரண்டு நாள். பிறகு நீளக்கயிறு. பிள்ளை முன்னால் நடந்து மெதுவாக இழுக்க, குட்டி ஒரு அடி எடுத்து வைத்ததும் கயிற்றைத் தளர்த்திவிட்டு ஒரு இலை. அவ்வளவுதான் பாடம். குட்டி காலை ஊன்றிக்கொண்டால் தரதரவென்று இழுக்க வேண்டாம், நின்று விடுங்கள், அதுவே சலித்துப்போய் நடக்கும். முளைக்குச்சியில் கட்டிப்போட்டுவிட்டு ஆள் இல்லாமல் போகிற பழக்கம் குட்டிக்கு ஆகாது. சுற்றிச் சுற்றிக் கயிறு இறுக்கிச் செத்த குட்டிகள் எல்லா ஊரிலும் உண்டு, நாய் வந்தால் ஓடவும் முடியாது.

தீனி

ஆடு மாட்டைப் போலக் குனிந்து மேய்வதைவிட அண்ணாந்து பறித்துத் தின்கிற ஜாதி. தழையைத் தரையில் போட்டால் மிதித்து, அதன்மேல் மூத்திரம் பெய்து, அப்புறம் தொடாது. கொத்தாகக் கட்டிக் குட்டியின் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள். அகத்தி, முருங்கை, கிளுவை, சவுண்டல், வாகை, ஆல், அரசு, வேம்பு, பலா எல்லாம் தின்னும். ஒரே தழையை வாரக்கணக்கில் போடாமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள், சவுண்டல் மட்டும் எப்போதும் மற்றதோடு கலந்துதான். வேலிமசால் என்கிற தீவனப் பயிர் விளைந்தால் அதைப் போல் ஒன்று கிடையாது. மழைக்காலத்தில் நனைந்த தழையைக் கொஞ்சம் வாட்டிப் போட வேண்டும்.

தழை பறிக்கத் தொரட்டியைப் பிள்ளை கையில் தராதீர்கள். இரும்பு அலக்கு மேலே ஓடுகிற கரண்டுக் கம்பியில் பட்டால் முடிந்தது.

பிள்ளைக்குச் செடி காட்டிக் கொடுக்க வேண்டியது இதற்கு நேர் எதிர்: எதைத் தின்னக் கூடாது. அரளி முதலாவது, சில இலை போதும் குட்டியைச் சாய்க்க. அழகுக்கு வாசலில் வைத்திருந்தால் கொட்டிலுக்குத் தூரமாக இருக்கட்டும், வெட்டிய கிளையையும் வேலியோரம் போடாதீர்கள். உண்ணிச்செடி, நெய்வேலிக் காட்டாமணக்கு, மரவள்ளி இலை, தண்ணீர் இல்லாமல் வாடி நிற்கிற இளஞ்சோளத் தட்டை, இவையும் அந்தப் பட்டியல்தான்.

ஆனால் குட்டிகள் சாவது விஷச் செடியைவிடப் பாசத்தால்தான் அதிகம் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. பொங்கலன்று ஒரு சட்டிப் பொங்கல், கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறு, மடியில் கட்டி வந்த அரிசி, பிஸ்கட். பிள்ளைக்குக் கொடுக்க ஆசை, குட்டிக்குத் தின்ன ஆசை. அசை வயிற்றில் இருக்கிற நுண்ணுயிரிகள் தழைக்குப் பழகியவை, திடீரென்று அத்தனை மாவுச்சத்து வந்து விழுந்தால் புளித்து அமிலமாகி, வயிறு உப்பி, குட்டி படுத்துவிடும், விடிவதற்குள் செத்தும் போகும். ஒரு கை பருப்புப் பொட்டு, ஒரு துண்டு வாழைப்பழத் தோல், அதுவும் மூன்று மாதம் தாண்டிய குட்டிக்கு, அதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பாலித்தீன் பையைக் கண்ட இடத்தில் பொறுக்குவதையும் பிள்ளை வேலையில் சேர்த்துவிடுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும், தினமும் கழுவிய சட்டியில்.

படுக்கை

காய்ந்த தரை, காற்றடிக்காத மறைப்பு, மழைச்சாரல் படாத கூரை. சின்னக் குட்டிகளைத் தாய் மேய்ச்சலுக்குப் போன நேரம் கொடாப்புக்குள், அதாவது கவிழ்த்து வைக்கிற பெரிய கூடைக்குள், அடைத்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம், நாயிடமிருந்தும் காக்காயிடமிருந்தும் அதைவிட நல்ல காவல் கிடையாது, ஆனால் வெயில் நகர நகர நிழலுக்கு நகர்த்த வேண்டும், அதை மறந்தால் உள்ளே வெந்துவிடும். ராத்திரிக்குக் கதவு உள்ள இடம்தான். தெருநாய் ஒன்று புகுந்தாலே போதும், கடித்துத் தின்னக்கூட வேண்டாம், விரட்டியே கொன்றுவிடும். புழுக்கையைப் பெருக்குவது காலையில் பள்ளிக்கூடம் போகும் முன். பிள்ளை முகம் சுளித்தால், மாடியில் வைத்த கத்தரிச் செடிக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள்.

உடம்புக்கு ஆகாவிட்டால்

தினமும் பார்க்கிற பிள்ளைக்குத்தான் முதலில் தெரியும், அதனால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவையுங்கள். கூப்பிட்டால் எழுந்து வருகிறதா, இலையைப் பிடுங்கித் தின்கிறதா, காது தொங்கிப்போயிருக்கிறதா, மூக்கு ஒழுகுகிறதா, புழுக்கை உருண்டையாக விழுகிறதா. பிறந்த குட்டி முதல் ஒன்றிரண்டு நாள் கறுப்பாகப் பிசுபிசுவென்று போகும், பிறகு பால் குடிக்கிறவரை மஞ்சளாகக் களிம்பு போல் போகும், அது சரிதான். தண்ணீராகப் போனாலோ ரத்தம் கலந்தாலோ அன்றைக்கே கால்நடை மருந்தகம். கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் வயிற்றில் புழு ரத்தம் குடிக்கிறது என்று சந்தேகப்படலாம். வீட்டில் இருக்கிற மனுச மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கிற வைத்தியம் வேண்டாம். நடக்க முடியாத நிலை என்றால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி இருக்கிறது, மூன்று நாலு மாதத்தில் போட வேண்டும், குடற்புழு மருந்து எப்போது எவ்வளவு என்பதை எடையைச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். எடை பார்ப்பது பிள்ளைக்கு நல்ல வேலை: பையில் குட்டியை உட்கார வைத்துத் தொங்கு தராசில் மாட்டி, வாரம் ஒரு நாள் நோட்டில் எழுதட்டும். நாட்டுக்குட்டி பிறக்கும்போது இரண்டு கிலோ பக்கம் இருக்கும், மூன்று மாதத்தில் ஏழெட்டுக் கிலோ வந்தால் நல்ல வளர்ச்சி.

பிள்ளையின் உடம்பும் முக்கியம். கொட்டிலை விட்டு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், குட்டியின் வாயோடு வாய் வைத்து முத்தம் கொடுக்கக் கூடாது. உதட்டைச் சுற்றிக் கொப்புளமும் பொருக்கும் கட்டுகிற வாய்ப்புண் நோய் குட்டிகளுக்கு வரும், அது தொட்டவர் கைக்கும் ஒட்டும், அது ஆறுகிறவரை பிள்ளை தள்ளி இருக்கட்டும். ஆட்டுப்பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது.

எந்த வயசில் எந்த வேலை என்று கேட்டால், ஐந்து வயசுக்குக் கீழே பெரியவர் பக்கத்தில் இல்லாமல் கொட்டிலுக்குள் விட வேண்டாம். ஆறு முதல் எட்டு வரை தழை, தண்ணீர், பழக்குவது. ஒன்பது பத்துக்கு மேல் புட்டிப்பாலும் பெருக்குவதும் எடை பார்ப்பதும். மேய்ச்சலுக்குத் தனியாக அனுப்புவது பன்னிரண்டுக்கு முன்னால் வேண்டாம், அதுவும் கண்மாய், கிணறு, ரோடு எங்கே இருக்கிறது என்று பார்த்து, லீவு நாளில் மட்டும். அடுத்தவர் வெள்ளாமையில் குட்டி வாய் வைத்தால் வருகிற சண்டையைச் சமாளிக்கப் பிள்ளைக்குத் தெரியாது. குட்டிக்காகப் பள்ளிக்கூடம் தவறினால் குட்டியை விற்றுவிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

விற்பது

பெட்டை என்று சொன்னேனே. கிடாக்குட்டி எவ்வளவு பழகினாலும் ஒரு வருசத்தில் அதற்கு விலை பேச ஆள் வருவார், அல்லது ஆடிக்கோ கொடைக்கோ கோயிலுக்கு நேர்ந்துவிட்டதாக வீட்டுப் பெரியவர் ஒருவர் நினைவுபடுத்துவார். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கிற நேரம் பார்த்துக் குட்டியைக் கொடுத்துவிட்டு, 'காணாமப் போச்சு' என்று சொல்கிற வீடுகள் நிறைய. நான் பார்த்தவரை பிள்ளைகள் கிடா விற்பதைத் தாங்கிக்கொள்கிறார்கள், இந்தப் பொய்யைத்தான் வருசக்கணக்கில் மறப்பதில்லை. விற்கப்போகிற குட்டி என்றால் வாங்குகிற அன்றைக்கே சொல்லுங்கள், நேர்ந்துவிடப்போகிற கிடா என்றால் அதைப் பிள்ளையின் பொறுப்பில் விடவே விடாதீர்கள், பெயர் வைக்கவும் விடாதீர்கள்.

பெட்டை என்றால் கதை வேறு. அது வீட்டோடு இருக்கும், பத்துப் பன்னிரண்டு மாதத்தில் பருவத்துக்கு வரும், அடுத்த ஐந்து மாதத்தில் குட்டி போடும், பிள்ளை வளர்த்த குட்டி தாயாவதைப் பிள்ளையே பார்க்கும். கிராமத்தில் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, ஆடு வளர்ப்பது போலவே பிள்ளையிடமும் பேசிக்கொள்ளலாம்: தாய் உன்னுடையது, போடுகிற குட்டியில் பாதி வீட்டுக்கு, பாதி உனக்கு. உன் பங்குக் குட்டியை விற்பதா வைத்துக்கொள்வதா என்பதை நீயே சொல். விற்கிற நாளில் பிள்ளை கூட இருக்கட்டும், எடை நோட்டையும் எடுத்துக்கொண்டு வரட்டும், வியாபாரி கையால் தூக்கிப் பார்த்து எடையைக் குறைத்துச் சொல்லும்போது அந்த நோட்டு பேசும். வந்த பணத்தை டப்பாவில் போட்டு வைக்காமல் தபால் ஆபீசுக்குக் கூட்டிப்போங்கள், பத்து வயசு முடிந்த பிள்ளை தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம், 500 ரூபாய் இருந்தால் போதும். பிள்ளையின் ஆதாரும் போட்டோவும் கையில் இருக்கட்டும்.